நண்டுக்கு மூக்கு உண்டா? மரபியலும் பரிணாமமும்

இலக்கிய விழா மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் அடிக்கடி எடுத்தாளப்படும் கூற்று ஒன்று உண்டு. சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட பரிணாமக் கொள்கையைத் தொல்காப்பியர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே மரபியலில் வகுத்து வைத்துவிட்டார் என்பதே அது. ஓரறிவு உயிர் தொடங்கி ஆறறிவு உயிர் வரை ஏறிச் செல்லும் நூற்பாக்களைப் பேச்சாளர் ஒப்பித்துக் காட்டியதும் அவையில் கைதட்டல் எழும். அதன்பின் நூற்பாவைத் திரும்பிப் பார்ப்பாரும் இல்லை. நூற்பா பேசும் உயிர்களைப் பார்ப்பாரும் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் அக்கூற்று நிற்குமா என்பது ஆராயத் தக்கது. தமிழ்ப் பள்ளி மாணவன் அறிவியல் வகுப்பில் ஒன்றும் இலக்கிய மன்றத்தில் மற்றொன்றும் கேட்டு, இரண்டும் ஒன்றே என்று நம்பிப் போகிறான். ஆதலால் இதனை மொழிப்பற்றின் மிகுதி என்று விட்டுவிடுவதற்கில்லை.

முதலில் நூலைக் காண்போம். மரபியல் உயிர்நூல் கூற எழுந்த இயல் அன்று. எப்பொருளை எச்சொல்லால் வழங்குவது மரபு என்று சொல்வதே அதன் தலையாய வேலை. பார்ப்பு, பறழ், குட்டி, கன்று முதலிய இளமைப் பெயர்கள் எவ்வெவ்வுயிர்க்கு உரியன; ஏறு, களிறு முதலியன எவற்றின் ஆணுக்கு உரியன; பிடி, பேடை முதலியன எவற்றின் பெண்ணுக்கு உரியன என்று அது கணக்கெடுக்கிறது. கடலுயிர்களும் அக்கணக்கில் உண்டு. சுறாவின் ஆணுக்கு ஏறு என்று பெயர். நீரில் வாழும் நந்தின் பெண்ணுக்கு, எருமைப் பெண்ணுக்கு வழங்கும் நாகு என்ற பெயரே உரியது. இப்பெயர்க் கணக்கின் நடுவேதான் அறிவு வகை பற்றிய நூற்பாக்கள் வருகின்றன.

அவற்றின் கருத்து எளியது. மெய்யால் உணர்வது ஓரறிவு. அதனோடு நாவும், பிறகு மூக்கும், பிறகு கண்ணும், பிறகு செவியும், முடிவில் மனமும் ஒவ்வொன்றாகக் கூட ஆறறிவு வரை எண்ணிக்கை உயர்கிறது. புல்லும் மரமும் முதல் நிலை. நந்தும் முரளும் இரண்டாம் நிலை. சிதலும் எறும்பும் மூன்றாம் நிலை. நண்டும் தும்பியும் நான்காம் நிலை. ஐந்தாம் நிலையில் விலங்கும் மாக்களும், ஆறாம் நிலையில் மக்களும் வைக்கப்படுகின்றனர். ஒவ்வொரு நிலைக்கும் இவையேயன்றி வேறு கிளைப்பிறப்புகளும் உண்டு என்று சொல்லி ஆசிரியர் அமைகிறார். பகுப்பைத் தம்முடையது என்றும் அவர் உரிமை கொண்டாடவில்லை. நுட்பமாக உணர்ந்தோர் நெறிப்படுத்தியது என்று முன்னோர்க்கே அதனை விட்டுவிடுகிறார்.

இதில் பரிணாமம் எங்கே? ஓர் உயிரினம் மற்றோர் உயிரினத்திலிருந்து தோன்றியது என்ற சொல் இல்லை. காலத்தின் நீளம் இல்லை. மாற்றம் எதனால் நிகழ்கிறது என்ற காரணம் இல்லை. இம்மூன்றையும் நீக்கிவிட்டால் டார்வினிடமும் பரிணாமம் இராது. மரபியலில் உள்ளது ஒரு பகுப்பு. அடுக்கி வைத்த வரிசை. இத்தகைய வரிசை சமணர்க்கும் உண்டு. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வொரு பொறியாகக் கூட்டிச் செல்கிறது; அங்கு நோக்கம் உயிர்க்கொலை தவிர்த்தலும் வினை நீக்கமும் ஆகும். சிவபுராணத்தில் புல் முதலாக வரும் பிறவி வரிசையையும் சிலர் இதே கணக்கில் சேர்ப்பர். அது ஓருயிர் பல உடலில் புகுந்து இளைத்த கதை. இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த கதை ஆகாது. சமணரிடமிருந்து தொல்காப்பியர் கொண்டாரா, அவரிடமிருந்து பிறர் கொண்டனரா என்ற வழக்கு ஈண்டு வேண்டா.

நூலைக் காட்டிலும் சுவையான செய்தி உரையில் இருக்கிறது. நண்டு நான்கறிவுடையது எனில் அதற்கு மூக்கு இருத்தல் வேண்டுமே, நண்டுக்கு மூக்கு உண்டோ என்ற ஐயம் பழைய உரையிலேயே எழுப்பப்பட்டுள்ளது. ஆசிரியர் கூறியதால் உண்டு என்று கொள்க என்பதே அங்குத் தரப்படும் விடை. கேள்வி மிக நல்ல கேள்வி. நண்டைப் பார்த்தவர்தாம் அப்படிக் கேட்க முடியும். விடைக்கு மட்டும் நண்டிடம் போகாமல் நூலிடம் போய்விட்டார் உரைகாரர். இன்று மேடையேறுவோர் அவ்விடையைக் கைக்கொண்டு, அக்கேள்வியைக் கைவிட்டனர் என்றே சொல்ல வேண்டும்.

நூற்பாவில் பெயர் பெற்ற உயிர்களுள் பாதி கரையோரத்தில் கிடைப்பன. பிறையிலும் ஜார்ஜ் டவுனிலும் வாழும் தமிழர்க்கு உரைகாரருக்கு வாய்க்காத ஒரு வசதி உண்டு. ஓதம் வற்றும்போது பிறை ஆற்று முகத்திலும், தெற்கே ஜூரு வரையிலும் சேற்றுவெளி திறந்து கிடக்கிறது. தீவுக்கும் நிலத்துக்கும் இடையே, 1985இல் திறக்கப்பட்ட பாலத்துக்கு அருகே, மிடல் பேங்க் என்ற கடற்புல் திட்டு தலை காட்டுகிறது. முக்கா ஹெட் முனையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையம் இருக்கிறது. நூற்பாவைச் சோதிக்க இவற்றை விடத் தக்க களம் வேண்டுவதில்லை.

முரளில் தொடங்கலாம். நந்து என்பதில் சங்கும் நத்தையும், முரள் என்பதில் இப்பியும் கிளிஞ்சலும் அடங்கும் என்பது உரை வழக்கு. ஒற்றையோடு ஒன்று, இரட்டையோடு மற்றொன்று, நல்ல பிரிவினையே. குவேய் தியாவ் தட்டில் சிவந்த நீருடன் வந்து விழும் கெராங், முரள் இனம். அதன் குருதி மனிதக் குருதியைப் போலவே ஹீமோகுளோபின் உடையதாகையால் சிவப்பு. சிப்பிகளில் இஃது அருமை. அதற்குத் தலை கிடையாது. தலை இல்லாததால் நாவும் இல்லை. செவுள் வழியே நீரை இழுத்து, மிதக்கும் துகள்களை வடித்து உண்கிறது. ஆப்புப் போன்ற ஒற்றைக் காலைச் சேற்றில் செலுத்தி, அதன் நுனியைக் குருதியால் வீங்கச் செய்து நங்கூரமாக்கி, உடலைக் கீழே இழுத்துக்கொள்கிறது. நாவில்லாத உயிருக்கு நாவறிவு எவ்வாறு? நீரில் கரைந்த பொருளை உணரும் திறன் அதற்கு உண்டு என்பது உண்மை. ஆனால் நீருக்குள் வாழும் உயிர்க்குச் சுவையும் மணமும் ஒன்றே போன்றவை. இரண்டும் கரைந்த பொருளைத் தொட்டறிவதுதான். நாவையும் மூக்கையும் தனித்தனிப் படியாக வைத்தவர் கரையில் நின்று, காற்றை மூச்சிழுக்கும் மனிதரைக் கொண்டு அளந்திருக்கிறார்.

கண்ணைப் பற்றிய செய்தி இன்னும் வியப்பு. கெராங்கின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில சிப்பிகளுக்கு ஓட்டின் விளிம்பை ஒட்டிய தசையில் கூட்டுக்கண்கள் வரிசையாக உள்ளன. விசிறி போன்ற ஓடுடைய வேறொரு சிப்பி வகைக்கு 200 கண்கள் வரை இருக்கும். அக்கண்களில் வில்லை மட்டுமின்றி உட்புறம் குழிந்த கண்ணாடியும் இருப்பதையும், பிம்பம் அக்கண்ணாடியால் உருவாவதையும் மைக்கேல் லேண்ட் என்ற ஆய்வாளர் 1965இல் விளக்கினார். அச்சிப்பி இரு ஓடுகளையும் படபடவென்று மூடித் திறந்து நீரைப் பீச்சி நீந்தவும் வல்லது. ஈரறிவு என்று முத்திரையிட்ட இனத்தில் இத்தனை கண்கள்.

நந்தின் உறவோ இன்னும் தொலைவு செல்கிறது. நத்தை, சங்கு, சிப்பி, கணவாய், எண்காலி ஆகிய அனைத்தும் மெல்லுடலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியின் கிளைகள். சந்தையில் சோத்தோங் என்று வாங்கும் கணவாயின் கண், அமைப்பில் மனிதக் கண்ணுக்கு நிகரானது. எண்காலியின் உடலில் ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேல் கைகளில் இருக்கின்றன. முதுகெலும்பில்லா உயிர்களில் அறிவால் மிக்கது எது என்று கேட்டால் உயிர்நூலார் பெரும்பாலும் இதனைத்தான் சுட்டுவர். அறிவை எண்ணி அடுக்கினால் கெராங்கை இரண்டாம் படியிலும் அதன் ஒன்றுவிட்ட உடன்பிறப்பை ஐந்தாம் படியிலும் வைக்க நேரிடும். கிளைப்பிறப்பு என்ற சொல்லுக்கு அப்போது என்ன பொருள்?

மூன்றாம் படியில் ஆசிரியரைப் பாராட்ட ஓர் இடம் உண்டு. சிதல், அதாவது கறையான், பெரும்பாலும் கண்ணற்றது. புற்றில் உழைக்கும் கறையானைக் குறித்தவரை மூவறிவு என்றது கூர்ந்து நோக்கிச் சொன்ன சொல்லே. ஆயினும் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசலும் அதே கறையான்தான். ஈசலுக்குக் கண் உண்டு. எறும்புக்கும் கண் உண்டு; சகாராப் பாலையில் வாழும் எறும்பு ஒன்று வானொளியின் அமைப்பைக் கண்ணால் அறிந்து கூட்டுக்கு வழி காண்கிறது. தும்பியைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை: அதன் கூட்டுக்கண்ணில் சில இனங்களில் 20,000க்கு மேற்பட்ட சிறுகண்கள் உள்ளன, செவி இருப்பதாக எவரும் காட்டவில்லை.

இனி நண்டு. மூக்கு உண்டா என்ற ஐயத்துக்குச் சேற்றுவெளியில் குந்தி உட்கார்ந்தால் விடை கிடைக்கும். நண்டின் கண்களுக்கு இடையே மயிரிழை போன்ற குட்டையான உணர்கொம்புகள் இரண்டு உள்ளன. நண்டு ஓயாமல் அவற்றைச் சுண்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுண்டலும் ஒரு முகர்தல். நீரில் கலந்த வாடையை அந்நுண்மயிர்கள் பற்றி மூளைக்கு உணர்த்துகின்றன. ஆக, ஆசிரியர் கூறியது சரியே. உரைகாரர் சும்மா நம்பியதும் வீண்போகவில்லை. ஆனால் நூல் கணக்கில் வராத செய்திகளும் அதே நண்டில் உள்ளன. அதன் கால் நுனிகள் சுவை அறியும். உணவின் மேல் நடந்தால் போதும். அவ்வுணர்கொம்புகளின் அடியில் உடலின் நிலையை உணரும் நுண்ணிய பை ஒன்று இருக்கிறது. ஒரு கை பெருத்த சிறு நண்டுகள், ஆண்கள், அக்கையால் தரையைத் தட்டி அதிர்வெழுப்பிப் பெண்ணை அழைக்கின்றன. அதிர்வைக் காலால் அறிவது கேள்வியா, ஊறா? மனிதரின் ஐம்பொறி எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல இயலாது.

எண்ணிக்கை ஒரே உயிரின் வாழ்நாளிலேயே மாறுவதும் உண்டு. படகுத்துறைத் தூண்களில் காலைக் கீறும் கொட்டலசை எல்லாரும் அறிவர். சுண்ணாம்பு ஓட்டைப் பார்த்து அதனைச் சிப்பியின் இனம் என்றே ஐரோப்பிய அறிஞரும் நெடுநாள் கருதினர். வான் தாம்சன் என்பவர் 1830இல் அதன் இளவுயிரியை ஆராய்ந்து, அது நண்டு, இறால் ஆகியவற்றின் உறவு என்று காட்டினார். இளமையில் அது நீந்தும், கூட்டுக்கண் உடையது. இடம் தேர்ந்து தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டபின் அக்கண்களை இழந்து, நிழலை மட்டும் உணரும் சிறு புள்ளியோடு, கால்களால் நீரைத் துழாவி உண்டு வாழ்நாளைக் கழிக்கிறது. டார்வின் தம் பெருநூலை வெளியிடுமுன் 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் இவ்வுயிரையே அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் அவரைத் தொல்காப்பியருக்குப் பின்னே நிறுத்துவோர் அந்த எட்டாண்டை மறந்துவிடுகின்றனர். ஏணியில் ஏறுவதே பரிணாமம் என்றால் கொட்டலசு இறங்கியிருக்கிறது. அவ்வாறு இறங்கியும் உலகின் கரைகளெல்லாம் அதற்கே சொந்தம் போல் ஒட்டிக் கிடக்கிறது.

இழுதுமீனைப் பாருங்கள், நெய்தல் மக்கள் அதனைச் சொறி என்பர். அதற்கு மூளை இல்லை. குடை போன்ற உடலைச் சுருக்கி விரித்து நீந்துகிறது. அவற்றுள் பெட்டி வடிவான வகைக்கு 24 கண்கள். பினாங்குக் கடலிலும் இவ்வகை உண்டு. கரீபியக் கடலைச் சேர்ந்த ஒரு சிற்றினம், தடைகளில் மோதிப் பட்டறிந்து, மறுமுறை விலகக் கற்றுக்கொள்கிறது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. மூளையில்லாமல் பார்வை, பார்வையின் வழியே கல்வி. ஊறு, சுவை, மணம், காட்சி என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பொறிகள் அடுக்கப்பட வேண்டும் என்ற விதி எதுவும் கடலில் இல்லை.

இவ்வளவும் சொல்வதால் தொல்காப்பியரைக் குறை கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. 1758இல்கூட லின்னேயஸ் முதுகெலும்பில்லா உயிர்கள் அனைத்தையும் பூச்சி, புழு என்று இரண்டே பெட்டிகளில் போட்டு மூடினார். நண்டு பூச்சிப் பெட்டியில் இருந்தது. 1801இல் லமார்க் அப்பெட்டிகளைத் திறந்து பிரிக்க வேண்டியதாயிற்று. பொறியை எண்ணிய பழந்தமிழர் பகுப்பு அக்காலத்துக்கு மிகக் கூர்மையானது. புல்லும் மரமும் தொடுதலை உணரும் உயிர்கள் என்று துணிந்தது சிறிய செய்தியன்று. தவறு நூலில் இல்லை. நூலுக்கு உரியதல்லாத பட்டத்தைச் சூட்டுவதில் இருக்கிறது.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். அறிவு நூற்பாக்களையே முழக்குவோர், அதே இயலில் பின்னால் வரும் வேறோர் அரிய பகுப்பைக் கவனிப்பதில்லை. புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் அங்குப் பிரிக்கப்படுகிறது. புறக்காழ், அகக்காழ் என்பன அவற்றுக்குச் சொற்கள். இதன்படி தென்னையும் மூங்கிலும் புல். இதுவும் பெயரிடும் மரபுதான்; ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரப் பிரிவை அப்படியே கண்டுபிடித்தார் என்று இங்கும் கொடி பிடிக்கத் தேவையில்லை. ஆனால் நோக்கும் முறை வேறு. உயிர் எதை உணர்கிறது என்பதை விட்டு, உடல் எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பதைக் கொண்டு பிரித்திருக்கிறார்கள். உயிர்நூல் நடந்த வழி இதுவே.

இவ்விரு சொற்களை விலங்குக்கு எடுத்துச் சென்றால் முதுகெலும்பில்லா உயிர்களின் உடலமைப்பைத் தமிழிலேயே விளக்கலாம். மீனும் மனிதனும் அகக்காழ். எலும்பு உள்ளே, தசை வெளியே. நண்டு, எறும்பு, தும்பி, கறையான் நான்கும் புறக்காழ். கூடு வெளியே, அதனை இழுக்கும் தசை உள்ளே. குழல் போன்ற கூடு மடங்க வேண்டுமானால் மூட்டு வேண்டும். ஆகவே அவற்றுக்குக் கணுக்கால்கள். கூடு உடலோடு வளராது. ஆகவே சட்டையுரிக்க வேண்டும். உரித்த நண்டு சில நாள் மென்மையாகி ஒளிந்து கிடப்பதைச் செம்படவர் அறிவர். அறிவு நூற்பாவில் மூன்றாம் படியிலும் நான்காம் படியிலும் பிரிந்து நின்ற நான்கும், காழ் நோக்கில் ஒரே குடும்பமாகிவிடுகின்றன. அவ்வுறவே உண்மையான உறவு.

இங்கே பெலாங்காஸைக் குறிப்பிடாமல் போக முடியாது. பினாங்கின் சேற்றுக் கரைகளில் ஆண் பெண்ணின் முதுகைப் பற்றியபடியே திரிவதால், பிரியாத இணையரை மலாய்க்காரர் பெலாங்காஸ் போல என்பர். தமிழில் லாட நண்டு என்று பெயர் இட்டிருந்தாலும் அது நண்டன்று. கூடுடைய புறக்காழ்தான், எனினும் உணர்கொம்பு இல்லை. தேளும் சிலந்தியும் அதற்கு நெருங்கிய சுற்றம். இவ்வினத்தின் புதைபடிவங்கள் ஏறத்தாழ 44 கோடி ஆண்டுப் பழமையுடையன. பெயரைக் கொண்டு உறவு சொல்லலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. நண்டு வடிவமே, தனித்தனிக் கால்வழிகளில் குறைந்தது ஐந்து முறை தோன்றியிருக்கிறது. 1916இல் பொராடேல் என்ற அறிஞர் இதற்கென்றே ஒரு பெயர் சூட்டினார்.

மாற்றம் நிகழ்ந்த தடயத்தைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புவோர் நாட்டு மருந்துக் கடைக்குப் போகலாம். அங்குக் கடல்நுரை என்று விற்கும் வெண்ணிறப் பொருள் நுரையன்று, கணவாயின் உள்ளோடு. அதனைக் குறுக்கே ஒடித்தால் மெல்லிய அறைகள் அடுக்கடுக்காகத் தெரியும். ஆழ்கடலில் இன்றும் வாழும் நாட்டிலஸ் என்னும் உயிர் அத்தகைய அறைகள் கொண்ட ஓட்டை வெளியே சுமக்கிறது. அறைகளில் வளி நிறைந்திருப்பதால் மிதக்கிறது. கணவாய் அதே ஓட்டை உடலுக்குள் வைத்துக்கொண்டு அதே வேலைக்குப் பயன்படுத்துகிறது. ஊசிக் கணவாயில் அது மெல்லிய இறகுபோல் தேய்ந்தது; எண்காலியில் பெரும்பாலும் மறைந்தே போனது. நந்தின் கால்வழியிலேயே புறக்காழ் அகக்காழாகி, காழே இல்லாமலும் ஆயிற்று. சேற்றில் நெளியும் புழுவுக்கோ எக்காழும் இல்லை. உடலுக்குள் அடைபட்ட நீரே அதற்கு எலும்பு. அந்நீரைத் தசைகள் நெருக்க, உடல் நீண்டும் தடித்தும் முன்னேறுகிறது.

லங்காவியிலிருந்து புட்டிகளில் வந்து பினாங்குக் கடைகளில் விற்கும் காமாட் எண்ணெய்க்கு மூலப்பொருள் கடல் அட்டை. அதற்குக் கண் இல்லை, செவி இல்லை, மூளையும் இல்லை. நீர் நிறைந்த குழாய்க்கால்களை நீட்டியும் சுருக்கியும் கடற்படுகையில் ஊர்கிறது. தோலுக்குள் நுண்ணிய சுண்ணத் துகள்களாகச் சிதறிக் கிடக்கும் காழ், வெளியே உள்ளதன்று, உள்ளே உள்ளது. அறிவை எண்ணுவோர் இதனை நந்துக்கும் கீழே வைப்பர். ஆனால் கரு வளரும் முறையைப் பார்த்த உயிர்நூலார் வேறு கண்டனர். நண்டு, நந்து முதலியவற்றின் கருவில் பெரும்பாலும் முதலில் தோன்றும் துளையோடு வாய் தொடர்புடையது; கடல் அட்டையிலும் உடுமீனிலும் அத்துளை எருவாயாகி, வாய் பின்னர்த் தோன்றுகிறது. முதுகெலும்புள்ள உயிர்களிலும் அப்படியே. 1908இல் குரோபன் விலங்குலகை இவ்விரு பெரும்பிரிவாக வகுத்தார். பின்னாளில் மரபணு ஆய்வும் கடல் அட்டையை அதே பக்கத்தில் நிறுத்தியது. எனவே புட்டியில் இருப்பது, அதனை வாங்கும் மனிதருக்குச் சோத்தோங்கைக் காட்டிலும் நெருங்கிய சுற்றம். மரபியலில் அதற்குப் பெயர் இல்லை. கிளைப்பிறப்பு என்று ஆசிரியர் இடம் விட்டுச் சென்ற பட்டியலில் அதனை எங்கே எழுதுவது என்பதைப் பொறிகளை எண்ணி எவராலும் சொல்லியிருக்க முடியாது. கருவைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.